ஆட்டுக் கொட்டகைக்கு மேலே பறக்கிறவள்

என் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு பெண் பறந்துகொண்டிருக்கிறாள். பழைய பிளெக்ஸ் பேனர் அது. அதன் கறுப்புப் பின்னணி வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. அவளுடைய முக்காடு மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செவ்வந்தி மாலை கிடந்த கறை. ஆடுகளுக்குத் தழை கட்டப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். உடனே எங்கள் கடை டிசைனர் நினைவுக்கு வந்துவிடுவார்.

புதுக்கோட்டையில் பிளெக்ஸ் கடை ஒன்றில் பேனர் கட்டுவது என் வேலை. கம்ப்யூட்டரில் அவற்றை வடிவமைத்தவர்தான் டிசைனர். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட வெகுவாக இளையவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. அவரோடு பேச்சு வந்ததே காமிக்ஸால்தான். மாதாமாதம் தபாலில் வரும் சாகச வீரர் கதைகளை அவர் படித்துவிட்டு எனக்குத் தருவார். அவற்றில் பறப்பவர்கள், சுவரை இடிப்பவர்கள் எல்லோருமே சிவந்த, உயரமான ஆண்கள். ஒரு மாதம், முக்காடு போட்ட கறுத்த பெண்ணொருத்தி வந்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். புயலில் சிக்கிய படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் பறந்தாள். டிசைனர் அன்று மதியச் சோற்றைத் தொடவே இல்லை. "எங்க தெருப் பிள்ளைண்ணே இது," என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நானும் அந்தப் பக்கத்தை வாங்கி வாங்கிப் பார்த்தேன்.

வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ சண்டை மூண்டது. ஐஸ் உடைக்கிறவளெல்லாம் ஹீரோவா என்று சிலர் கேட்டார்கள். அது ஓயும் முன்பே, அவளை உருவாக்கிய ஓவியர் விலகிவிட்டார் என்ற செய்தி வந்தது. அவளைப் பிடித்தவர்கள், அவர் வரையாத புத்தகமே வேண்டாம் என்று கோபித்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்கள் கொண்டாட்டமாக லட்டுப் படம் போட்டார்கள். வாசகர்கள் கேட்டால்தான் அவள் கதை தொடரும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவளை முடித்துவிடும் போலிருந்தது.

"வரையுறவரு போனா போகட்டும்ணே. இவ போகக் கூடாது," என்றார் டிசைனர்.

ஓவியருக்கு நன்றி சொல்லியும், அவள் தொடர வேண்டும் என்று கேட்டும் ஒரு பேனர் அடித்தார். அதன் கீழே ஊர் வாசகர்கள் நின்று படம் எடுத்து அனுப்புவது என்று திட்டம். நீலம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பின்னணியைக் கறுப்பாக்கியிருந்தார். நான் ஏணியோடு போய், திருவரங்குளம் சாலைத் திருப்பத்துப் புளியமரத்தில் கட்டினேன். கை தானாகவே அங்கு போய்விட்டது. கண்ணீர் அஞ்சலி பேனர்களை நாங்கள் வழக்கமாகக் கட்டும் மரம் அதுதான்.

ஏணியிலிருந்து இறங்குவதற்குள் வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். பூக்கடைக்காரர் மாலை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியே விட்டார்.

"யாரு வீட்டுப் பிள்ளைப்பா? சின்ன வயசா இருக்கே," என்றார் பெரியவர்.

"சாகலைங்க. கதையில வார பொண்ணுங்க இது."

"அப்ப எதுக்குப்பா எங்களை அழ வச்ச?"

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டத்தின் நடுவே நின்று பேசினேன். ஐஸ் கம்பெனி, புயல், படகு, ஓவியர் விலகியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே திக்கினேன், ஆனாலும் நிறுத்தவில்லை. மீன் சட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற கடற்கரைக்கார அம்மா பேனரை உற்றுப் பார்த்தார். "படகையே தூக்குறவளை எவன் நிப்பாட்டுறது? எந்த ஆபீசுன்னு சொல்லு, நானே வாரேன்," என்றார். கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்து டிசைனர் வந்து சேர்ந்தார். மாலையைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர், மறு நிமிடமே போனை எடுத்து எல்லோரையும் சேர்த்து நிற்கச் சொன்னார். மீன்கார அம்மா நடுவில்; சரிந்த மாலையை நிமிர்த்த நான் மறுபடி ஏணிமேல்.

படம் பதிப்பாளருக்கும் குழுவுக்கும் போனது. குழுவில், காரியம் என்றைக்கு என்று கேலி செய்தார்கள். ஆனால் புதிய ஓவியரோடு அடுத்த புத்தகம் வந்தது; அவளும் வந்தாள். புது ஆள் வரைந்த மூக்கு சரியில்லை என்று டிசைனர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒரு பக்கத்தில் கத்தியே விட்டார். அவள் பறந்துபோகும் சாலையோரம் ஒரு புளியமரம். அதில் மாலை போட்ட பேனர். பக்கத்தில் ஏணிமேல் முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆள். அந்த முதுகை அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசைனர் இப்போது கணவரோடு துபாயில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்தவரோடு ஒரு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழுவில் கோபித்தவர்களின் மனசு அப்போதுதான் புரிந்தது. புத்தகம் இப்போது என் பெயருக்கே வருகிறது. வந்ததும் கொட்டகைக்குப் போய், பேனருக்குக் கீழே அட்டையைப் பிடித்துப் படம் எடுத்து டிசைனருக்கு அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து குரல் பதிவில் ஒரே கேள்விதான் வரும்: "போகலைல்லண்ணே?"

நானும் குரல் பதிவிலேயே சொல்வேன். "இருக்காம்மா. ஆட்டுக்கு மேலேயும் இருக்கா."