ஒரு கிளிக்கில் பதினேழு வாய்க்கால்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதக் கடைசி. தஞ்சாவூரில் வரைபடம் தயாரிக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். நன்னிலம் பக்கம் தூர் வார வேண்டிய வாய்க்கால்களைக் கணினியில் குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். எனக்கு முன்கோபம் அதிகம். அதை மறைத்தால் இதை எழுதவே வேண்டாம்.

அன்று ஓர் ஊரின் படத்தை அச்செடுக்க வேண்டும். சின்ன வாய்க்கால் கோடுகள் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி படத்தை மறைத்தன. அவற்றைத் திரையில் தெரியாதபடி மறைத்து வைத்தாலே போதும். நான் மொத்தமாக அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. எரிச்சலோடு 'ஆம்' என்றேன். என் ப்ராஜெக்ட் ஃபைலில்தானே அழிக்கிறேன் என்ற தைரியம். அந்த ஃபைலில் இருப்பது எதை எந்த நிறத்தில் காட்டுவது என்ற குறிப்பு மட்டுமே, கோடுகள் எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸில் இருக்கின்றன என்று பயிற்சியில் சொன்னபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலை அந்த ஊர்க் குத்தகை விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"ஏம்மா, பொக்லைன்காரரு போன்ல பாத்துட்டு, மேப்ல ஒங்க வாய்க்காலே இல்ல, நாளைக்கு சாயங்காலம் அடுத்த ஊருக்குப் போறேங்கிறாரு. நேத்து என் மாடு அதுலதாம்மா மேஞ்சுது!"

பார்த்தேன். பதினேழு வாய்க்கால்களைக் காணோம். வெயிலில் நடந்து அவற்றை அளந்து பதிந்தவர் எதிர் மேஜைக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர்தான் ஒழுங்காகச் சேமிக்கவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"சேவ் பண்ணக்கூடத் தெரியாதா? எதுக்கு வேலைக்கு வர்றீங்க?"

அலுவலகமே எட்டிப் பார்த்தது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று டேட்டாபேஸ் வைத்திருக்கும் பதிவை அவர் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். பதினேழு வரி. பதினேழிலும் என் பெயர்.

அலுவலகத்தில் எடுத்து வைத்திருந்த பிரதியோ அவர் அளக்கப் போவதற்கு முந்தையது. மறுபடி நடந்து அளப்பதைத் தவிர வழியில்லை. நான் கிளம்பினேன். அவரும் கூட வந்தார்.

"அந்தச் செருப்பு வரப்புக்கு ஆகாது மேடம், மாத்திட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைப் பழிவாங்கியது.

அழித்தது நான்தான் என்று விவசாயியிடம் போனில் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். ஊரில் அவர் கூட்டத்தோடு காத்திருந்தார். "இந்தம்மாதான்! அம்பது லோடு மண்ணடிச்சாலும் தூர்க்க முடியாத வாய்க்காலை உக்காந்த எடத்துலயே தூர்த்துட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த ஊருக்குப் போற ரோட்டையாவது விட்டு வைங்க" என்றார் பொக்லைன் ஓட்டுநர்.

கருவேல முள் கிழிக்க, இரண்டு முறை சரிந்து விழுந்து, பொழுது சாய்வதற்குள் பதினேழையும் பதிந்தோம். மறுநாள் காலையில் பொக்லைன் இறங்கியது. கடைசி வாய்க்காலை வாரிவிட்டுத்தான் ஊரை விட்டுப் போனது.

அலுவலகத்தில், நான் கத்திய இடத்திலேயே நின்று எதிர் மேஜைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

"மெதுவா மேடம். மறுபடி திட்டுறீங்கன்னு நெனைக்கிறாங்க."

தண்ணீர் வந்ததும் விவசாயி ஒரு படம் அனுப்பினார். வாய்க்கால் நிறையத் தண்ணீர். கீழே ஒரு வரி: 'இதையும் அழிச்சிடாதீங்கம்மா.'

என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் யார் மேல் பாயப் போனாலும் முதலில் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறேன். பாதி நாள், கத்துவதற்கு வேறு ஆளே கிடைப்பதில்லை.