பித்தளைத் தகட்டில் எந்த ஊர்

நான் புலம்பெயர்ந்து வாழும் சட்டனில் உள்ள என் படச்சட்டக் கடைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணாடி நொறுங்கிய பழைய குதிரைப் படமொன்றைக் கொண்டுவந்தார். இன்றைய பந்தயக் குதிரைகள் பலவற்றுக்கு மூதாதையான ஆண்குதிரையாம். கீழே பித்தளைத் தகட்டில் 'அரேபியக் குதிரை' என்று பொறித்திருந்தது.

"என் தம்பி உடைத்துவிட்டான்," என்றார். அது ஏமனில் பிறந்தது என்பது குதிரை பழக்கிய அவரது கணவரின் கட்சி. இல்லை, வட ஆபிரிக்காவில் பிறந்தது என்பது தம்பியின் கட்சி. கணவரின் செத்தவீட்டன்றும் தம்பி தகட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார். அந்த இழுபறியில்தான் படம் கீழே விழுந்தது.

"எதுதான் உண்மை?" என்று கேட்டேன்.

"அது இந்த நாட்டுக்கு வந்தபோது யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. அதன் குட்டிகளுக்குத்தான் வம்சாவளிப் புத்தகம் இருக்கிறது."

தகட்டில் என்ன போடுவதென்று யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் நான் குடியுரிமைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகத்தான் அம்மா சாகும்வரை சொன்னார். ஆனால் மோர்டனில் இருக்கும் அண்ணை ஒருமுறை வேறு ஊரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தார். போன் எடுத்துக் கேட்டேன்.

"கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலைதான் நீ பிறந்தனீ," என்றார். "எனக்கு ஏழு வயசு. வாசல்லை நான்தான் குந்தியிருந்தனான்."

"சேட்டிபிக்கேட்டிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு, அண்ணை."

"சண்டைக்கு இடம்பெயர்ந்த நேரம். திரும்பிப் போனாப்பிறகுதான் பதிஞ்சது."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"அம்மாவுக்கு விருப்பமில்லை. அந்த ஊர்ப்பேரைக் கண்டா ஆமி சந்தேகப்படும் எண்டு பயந்தவ. விடு."

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முதல் அகதி விசாரணையிலேயே யாழ்ப்பாணம் என்று சொல்லியிருந்தேன். அன்று அது எனக்குப் பொய்யில்லை. இனி?

அந்த அம்மா திரும்பி வந்தார். "'பிறந்த இடம் தெரியாது' என்று பொறியுங்கள். கணவருக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. ஆனால் எனக்கென்று மிச்சம் தம்பி ஒருவன்தான்."

பொறித்துக் கொடுத்தேன். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார், கண் கலங்கியது. படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

என் படிவத்தில் அப்படி எழுத எனக்கு ஏலவில்லை. பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே யாழ்ப்பாணம் என்று எழுதி அனுப்பினேன். அண்ணையிடம் சொல்லவில்லை. ஞாயிறுகளில் அவர் வந்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைக்கிறோம். கிளிநொச்சி என்ற பேச்சு வந்தால் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுகிறேன்.