புல்வெட்டுப் பக்கம்

அகதா ஓடிப்போய் சைக்கிளின் கேரியரைப் பிடித்து நிறுத்தினாள். சைக்கிளில் இருந்தவள் சந்திரிகா. மலேசியாவில் ஜெராம் பக்கத்து அந்த எஸ்டேட்டில் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்களை ஆராய வந்த பல்கலைக்கழக மாணவி.

"தொரைகிட்ட என்னம்மா சொன்ன?"

"நிரூபிக்க முடியல ஆன்ட்டி."

மருந்தால் கேடு என்று நிரூபணமானால் கர்ப்பிணிகளை மருந்தடிப்பிலிருந்து எடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அகதாவின் மகள் மவுரீனுக்கு நாலு மாதம். தினமும் மருந்துத் தொட்டியை முதுகில் சுமக்கிறாள்.

"மருந்தடிக்கிற ஐம்பது பேர்ல பதினாலு பேருக்கு மூக்குல ரத்தம் வந்திருக்கு. புல்லு வெட்டுற ஐம்பது பேர்ல ஒம்பது பேருக்கு. மருந்தால ஒண்ணுமே இல்லன்னு வச்சாலும், இவ்வளவு வித்தியாசம் தற்செயலா நூத்துல இருபது தடவைக்கு மேல வரும். அஞ்சுக்குக் கீழ இருந்தாத்தான் ஏத்துக்குவாங்க."

"அந்த ஒம்பதுல நானும் ஒருத்தி."

"நீங்க புல்லு வெட்டுதானே?"

"நீ கேக்க வந்த அன்னைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டு அதத்தானே குடுத்தாங்க. என்ன வேலைன்னு நீ கேட்ட, சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஆறு வருசம் மருந்துதான். ரத்தம் கொட்டுச்சு, வேலை பிரிக்கிற மண்டோரு புல்லுக்கு மாத்திட்டாரு. வேலம்மா, நல்லம்மாள் எல்லாம் அப்பிடித்தான்லா."

சந்திரிகா சைக்கிளை விட்டு இறங்கினாள். மருந்தடித்து நோய் வந்தவர்கள் அவள் கணக்கில் எதிர்ப்பக்கம், புல் வெட்டுபவர்களோடு போய் நின்றிருந்தார்கள். அவளே நிறுத்தியிருந்தாள்.

"என்னைய மருந்துப் பக்கம் போடும்மா. இப்பவே போடு."

"முடிவ பாத்துட்டு ஆள மாத்துனா அது கணக்கு இல்ல ஆன்ட்டி. எல்லாரையும் மறுபடி கேக்கணும். அடுத்த லீவுக்குத்தான் வர முடியும்."

"அதுக்குள்ள புள்ள பொறந்திரும். என்னா மாதிரி பொறக்கும்னு உன் கணக்குல வருமா?"

இருவரும் மேனேஜரின் பங்களாவுக்கு நடந்தார்கள். முன்பு செய்த வேலையைக் கேட்காமல் விட்டது தவறு என்று அவரிடம் சொன்னாள் சந்திரிகா. அதுவரை மவுரீனை மட்டுமாவது நிறுத்தி வைக்கச் சொன்னாள். மேனேஜர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"இப்பத்தானே இல்லன்னுட்டுப் போனீங்க. ரெண்டாவது கணக்கு வரட்டும், பாக்கலாம்."

அகதா அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மழை இல்லை; மருந்தடிப்பு உண்டு. மண்டோர் இராமையா பெயர்களை வாசித்தார். மவுரீனுக்கு மருந்து. அவளுக்குப் பதில் தன்னைப் போடச் சொன்னாள் அகதா.

"அந்த மூக்க வச்சுக்கிட்டா? போய்ப் புல்லப் பாரு."

மவுரீன் லோரியில் ஏறினாள். சந்திரிகா காலை பஸ்ஸில் கோலாலம்பூர் போனாள். அகதா வாய்க்கால் ஓரத்தில் புல் வெட்டினாள். மதியம் வேலை முடிந்தது.