இரண்டு சங்கத்துக்கும் தட்டச்சு செய்தவள்

தர்மபுரி தனி மாவட்டமான பிறகு சிலம்பத்துக்கும் ஒரு மாவட்டச் சங்கம் தொடங்கினார்கள். செயலாளர் ஒரு பஸ் கண்டக்டர். துணைத்தலைவர் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். நான் அப்போது பாலக்கோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். இருவரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவர் சொல்ல ஒருவர் திருத்த, சங்கத்துக் கடிதங்களை என்னிடம் அடித்து வாங்கிப் போவார்கள்.

எழுபதுகளில் இருவரும் சார்ந்திருந்த ஆளுங்கட்சி இரண்டானது. கண்டக்டர் பழைய கட்சியிலேயே நின்றார். மாஸ்டர் புதுக்கட்சிப் பக்கம் சாய்ந்தார். ஆறே மாதத்தில் சங்கமும் இரண்டாகிவிட்டது. இந்தப் போட்டியில் கம்பு சுற்றிய பிள்ளைகளை அந்தப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ஊரில் தமிழ் டைப்ரைட்டர் எங்களிடம் மட்டும்தான். ஆகவே ஒருவர்மேல் ஒருவர் எழுதிய புகார்களையும் நான்தான் அடித்தேன். ஒருவர் கடிதத்தை மற்றவரிடம் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. ஆனால் கிளம்பும்போது இருவருமே, "அவரு வந்தாருங்களா? நல்லா இருக்கறாரா?" என்று மட்டும் விசாரிப்பார்கள்.

ஒருநாள் கண்டக்டர், "மேற்படி நபருக்குச் சிலம்பமே தெரியாது" என்று மாஸ்டரைப் பற்றி அடிக்கச் சொன்னார். என் கை நின்றுவிட்டது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"தீர்த்தமலைத் தேருக்கு நீங்க ரெண்டு பேரும் ஜோடியா ஆடினதைப் பாத்திருக்கேண்ணா."

அவர், "அந்த வரி வேண்டாங்க. வேற தாள் போடுங்க" என்றார்.

அடுத்த வருஷம் மாஸ்டருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. அவர் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அந்த வாரமே கண்டக்டர் யூனிஃபார்மோடு வந்து நின்றார். மாற்றலை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு மனு. சங்கத்தின் பெயர் இல்லை, அவர் பெயர் மட்டும். "நம்ம கட்சிக்காரங்க மூலமா குடுக்கறேன். இது அவருக்குத் தெரிய வேண்டாங்க."

உத்தரவு நின்றது. அந்த மனுவால்தானா என்று எனக்குத் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கல்வி ஆபீசில் யாரோ மாஸ்டரிடம் மனுவைக் காட்டிவிட்டார்கள். பிள்ளை பிறந்து பத்து நாள் இருக்கும், அவர் என்னிடம் வந்து, "அவரு பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். சொன்னேன். போனார்.

மறுநாள் வந்தவரிடம், "பேசினீங்களா மாஸ்டர்?" என்றேன்.

"பொண்ணு பொறந்திருக்குன்னு சொன்னேன். பஸ்ஸுல ஒரே கூட்டமுங்க. மாரண்டஹள்ளியில எறங்கி டீ வாங்கிக் குடுத்தாரு. அடுத்த பஸ் புடிச்சு வந்துட்டேன்." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் தாளைச் செருகுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சங்கங்கள் ஒன்று சேரவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்குப் போகும் வரைக்கும் இரண்டுக்கும் நான்தான் கடிதம் அடித்தேன். புகார்களும் நிற்கவில்லை. மைதானம், நடுவர், தேதி என்று எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள். மற்றவருக்கு ஆட்டம் தெரியாது என்று மட்டும், அந்த ஒருநாளைத் தவிர, இருவருமே எழுதச் சொன்னதில்லை.