விழாத கொடி

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலே கால் மணி. குளிப்பாட்டுவதற்காக மகனின் துணியை விலக்கினேன். தொப்புளைச் சுற்றி வயிறு சிவந்து, தொட்டால் கொதித்தது. எண்பதுகளின் நடுவில், சிராங்கூனில் எங்கள் வீட்டில், எல்லாம் சரியத் தொடங்கியது அப்போதுதான்.

பிறந்து ஒரு மாதம் கடந்தும் அவனுக்குத் தொப்புள்கொடி விழவில்லை. மூத்தவளுக்கு ஒரே வாரத்தில் விழுந்தது. விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். தேக்கா சந்தையில் நகை செய்யும் பத்தரிடம் தாயத்துக்குச் சொல்லிவைத்திருந்த என் கணவரின் அக்கா, வரும்போதெல்லாம் கேலி செய்வார்.

"உம் மவன் உன்னை லேசுல விடமாட்டான் லா. எப்படிப் பிடிச்சிக்கிட்டிருக்கான் பாரு!"

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய் மாலை வந்த அக்காவிடம் சிவப்பைக் காட்டினேன். "சீழ் வைக்கலையே, அப்புறம் என்ன? மஞ்சள் வை, அடங்கிடும்" என்றார். சீழில்லாத புண் ஆறுகிற புண் என்றுதான் நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

மறுநாள் காலை அவன் பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தமிழ் டாக்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"சீழ் வராததுதாம்மா பிரச்சினை. இரத்தத்துல வெள்ளணு ஏராளமா இருக்கு. ஆனா இரத்தக் குழாய்ச் சுவரைப் பிடிக்கிற கொக்கி மாதிரி ஒண்ணு அதுல இருக்கணும். பிடிச்சு நின்னாத்தான் சதைக்குள்ள இறங்கி வேலை செய்யும். இவனுக்கு அது இல்லன்னு நினைக்கிறேன். எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. கொடி விழறதுக்கும் அதே அணுக்கள் வந்தாகணும்."

"என் இரத்தத்தைக் குடுத்தா?" என்றார் கணவர்.

"கொஞ்ச நேரம்தான் தாங்கும். அவன் எலும்புக்குள்ள ஊறுற இரத்தமே அப்படித்தானே."

சனிக்கிழமை மதியம் வரை இருந்தான். உள்ளே எதுவும் எதையும் பற்றவில்லை என்றார்கள். அவன் விரல்கள் மட்டும் என் சுண்டுவிரலைப் பற்றியபடியே இருந்தன.

அதன் பிறகு மூத்தவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். "அம்மா, போதும்மா!" என்று கத்துவாள். துளி சீழ் கண்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அந்தச் சனிக்கிழமை, அவனைத் துணியில் சுற்றி எங்களிடம் கொடுத்த பிறகு, வார்டு வாசலுக்கு அக்கா வந்து சேர்ந்தார். தேக்காவிலிருந்து நேராக வந்திருக்கிறார், சேதி தெரியாது. மழையில் நனைந்திருந்த கையில் ரோஸ் நிறக் காகிதப் பொட்டலம்.

"பத்தர் இப்பத்தாம்மா குடுத்தாரு," என்றார். "கொடி விழுந்துடுச்சா?"