நெல்லா, காசா

போன வாரம் ஒரு பெண் வந்தாள். விளாங்குடியில் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு, "பாட்டி, உங்க வீட்ல வாரத்துல எத்தனை நாள் கறி எடுப்பீங்க?" என்றாள்.

"அதத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?"

"ஆராய்ச்சி பாட்டி. யாருக்கு எவ்வளவு வருமானம், என்ன சாப்பிடுறாங்கன்னு எழுதிட்டுப் போய் எங்க சார்கிட்ட குடுக்கணும்."

'எங்க சார்' என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்திவிட்டேன். என் மருமகள் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போய் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். நல்ல மனுஷி. எனக்கு அந்த நல்ல குணம் வாய்க்கவில்லை. வயதானால் கோபம் தணியும் என்பார்கள். என் கோபம் ஊறுகாய் மாதிரி, வருஷம் ஆக ஆக ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் சரி, அதை இன்றைக்குச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படி அட்டையும் தாளுமாக அலைந்தவள். எனக்கும் ஒரு 'சார்' இருந்தார்.

யுத்த காலம். பர்மா அரிசி வரத்து நின்றுபோய் ஊரே அரிசியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்பா ரயில்வேயில் சரக்கு ஆபீஸில் இருந்தார். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். நான் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். 'அம்புட்டுப் படிச்ச பொண்ண யாரு கட்டுவா' என்று உறவுக்காரர்கள் வந்து வந்து கவலைப்பட்டுவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார்கள். அதைவிடக் காபித்தூள் போவதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை.

அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தப் பேராசிரியர் வந்தார். தானிய விலை ஏற்றம் கிராமத்துக் குடும்பங்களை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி. அடுப்படி வரைக்கும் போய்க் கேட்க ஒரு பெண் வேண்டும் என்று கல்லூரியில் விசாரித்து என்னைப் பிடித்தார். மதுரை வெயிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். அவர் வந்து போன அறையில் ரொம்ப நேரம் லவண்டர் வாசனை நிற்கும். எனக்கு அந்த வாசனையே படிப்பின் வாசனையாகத் தெரிந்தது. பிற்பாடு ரயிலில் யாரோ ஒருவர் அதே வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்தபோது, எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன நினைத்தாரோ.

அவருடைய கொள்கை எளிமையானது. கூலியை நெல்லாக அளந்து கொடுப்பது பழைய காலத்து அடிமைத்தனம், காசாகக் கொடுப்பதே முன்னேற்றம். காசு கையில் இருந்தால் ஏழை எதையும் எங்கேயும் வாங்கலாம், யாருக்கும் கட்டுப்பட வேண்டாம். நானும் நம்பினேன். வரத்தின் கோடு மேலே ஏறும், தேவையின் கோடு கீழே இறங்கும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் உலகத்து நியாயம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் என்று கரும்பலகையைப் பார்த்துப் படித்தவள்தானே.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகையும் கரித்தூளுமாக மூச்சு வாங்கி ஓடும். ஏற்றம் வந்தால் நாங்கள் இறங்கி நடப்போம், பஸ் பின்னால் வரும். அப்படித்தான் சமணர் மலைப் பக்கம் போய் இறங்கினேன். கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம்.

தங்க ஏற்பாடு பெரிய வீட்டில். ஊர் நஞ்சையில் பெரும்பங்கு அந்த வீட்டுக்காரருக்குத்தான். ஊரில் எல்லாரும் அவரைப் 'பெரிய வீட்டய்யா' என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வெள்ளை மீசை, மெதுவான பேச்சு. "ஒங்க அப்பாரு வீடு மாதிரி நெனச்சுக்கம்மா" என்றார். மூன்று வேளையும் அவர் வீட்டுச் சோறு. அதைத் தின்றுவிட்டு வயலுக்கு அப்பால் இருந்த குடியிருப்புக்குப் போய், அவர் வயலில் வேலை செய்பவர்களிடம் 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதுதான் என் ஆராய்ச்சி.

முதல் நாளே எனக்குச் சரியாகக் கிடைத்தது. இருளாயி என்று ஒருத்தி. நடவு, கதிரறுப்பு எதுவானாலும் அவள் கூப்பிட்டால்தான் மற்றப் பெண்கள் இறங்குவார்கள். தாட்டியான உடம்பு. நான் கேட்டதை அவள் எனக்கே திருப்பிவிட்டாள்.

"நீ என்ன தின்ன?" என்றாள்.

"சோறும் கருவாட்டுக் குழம்பும்."

"யாரு வீட்டுச் சோறு?"

"பெரிய வீட்ல."

"அப்ப அங்கயே போயிக் கேளு தாயி, நாங்க என்ன தின்னோம்னு. அளந்து போடுறது அவுகதான்."

பெண்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. மறுநாள் நான் போனபோது ஒவ்வொரு வீட்டுப் படலும் மூடியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரியும், கூப்பிட்டால் பதில் வராது. என் முதுகில் மண்ணாங்கட்டி கூட ஒன்று விழுந்தது. எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் ஆத்திரம்தான் வந்தது. உங்களுக்காகத்தானே இந்த வேகாத வெயிலில் வருகிறேன், அந்த நன்றி வேண்டாமா என்று. அந்த வயதில் எல்லாரும் நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

அவர்களுடைய கோபத்தின் காரணத்தை ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை மதுரையில் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அம்மாவுக்குப் பருப்பு வாங்கக் கீழமாசி வீதிக்குப் போனேன். நனைந்த சாக்கின் வாசனையும் மிளகாய் நெடியுமாக அந்த வீதி எப்போதும் போலவே இருந்தது. ஒரு தானியக் கடை முன்னால் இருளாயியும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள், முழங்கால் வரை புழுதி. பெரிய வீட்டய்யா அந்த வருஷம் கூலி நெல்லை நிறுத்திவிட்டு, காசாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். காசை முந்தியில் முடிந்துகொண்டு அரிசி வாங்க வந்திருந்தார்கள்.

"அரிசி இல்ல. கேப்பை வேணும்னா வாங்கிட்டுப் போங்க. இல்லன்னா கடையை மறைக்காதீக" என்றார் கடைக்காரர்.

அப்போது அதே கடையின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு வண்டி நின்றது. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்காரனை எனக்குத் தெரியும். தினமும் நான் சாப்பிடும் வீட்டுத் தொழுவத்தில் மாடு கட்டுகிறவன். இருளாயிக்கும் தெரியும். அவள் அறுத்து, அடித்து, தூற்றி விட்ட நெல் அவளுக்கு முன்னாலேயே கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவள் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேப்பையை வாங்கிப் போனாள்.

பார்த்ததை எல்லாம் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். காசு கையில் இருந்தும் சோறு இல்லை என்று எழுதினேன். பதில் வந்தது. நடை உணர்ச்சிவசமாக இருக்கிறது, தனிச் சம்பவத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று. அந்தக் காகிதத்திலும் லவண்டர் வாசனை அடித்தது.

தை பிறந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக்குச் சொல்லிவிட்ட அன்று பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் வயலில் இறங்கவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இருளாயி மட்டும் எழுந்து நின்று, "நெல்லா அளந்தா எறங்குறோம் சாமி. காசு வேணாம்" என்றாள். அவ்வளவுதான். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கண்மாய்க் கரையில் நின்றார்கள்.

பெரிய வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவர்களின் கை வேகம் குறைந்தது. "கேள்வி கேட்டுக் கேட்டே இவளுகளக் கெடுத்து வச்சிருக்கு" என்று அந்த வீட்டம்மா எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். குடியிருப்பிலோ, பெரிய வீட்டுக்கு உளவு சொல்கிறவள் என்று பேச்சு. ஒரே ஊரில் இரண்டு பக்கமும் வேண்டாதவளாக இருப்பதற்கு ஒரு தனித்திறமை வேண்டும். அது எனக்கு இருந்தது.

பேராசிரியர் வந்தார். பெரிய வீட்டய்யா ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். வாடகைக் கார், கோட்டு, தலைவாழை இலையில் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய வீட்டய்யாதான் பேசினார். "ஏம்மா, ஒங்க சாரே சொல்றாரு, காசுதான் நல்லதுன்னு. அத நீ அவளுகளுக்குப் புரியிற மாதிரி எடுத்துச் சொல்லிரு. அறுப்பு முடியவும் அரிசி வெல எறங்கிரும்னு ஒரு வார்த்தையும் சேத்துக்க. படிச்ச பிள்ள சொன்னாக் கேப்பாளுக."

நான் பேராசிரியரைப் பார்த்தேன். "விலை இறங்கும்னு நமக்குத் தெரியுமா சார்?"

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "இறங்காதுன்னு தெரியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஊர்ல நமக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கும்மா. அவர் மனசு கோணாம நடந்துக்கணும்" என்றார்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஏமாற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் மறந்துபோயிற்று. 'இறங்காதுன்னு தெரியுமா' மட்டும் மறக்கவில்லை. படித்த படிப்பை ஒரு மனிதர் வெற்றிலையோடு சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

களத்து மேட்டுக்குப் போனோம். பெண்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்திருந்தார்கள். பெரிய வீட்டய்யாவுக்கும் பேராசிரியருக்கும் நாற்காலி. நான் நின்றேன். பேச ஆரம்பித்தால் வீட்டுப் பேச்சு வராமல் பாடப்புத்தகப் பேச்சு வந்துவிடுமோ என்று பயம். நல்லவேளை, வரவில்லை.

"அரிசி வெல எறங்கும்னு சொல்லச் சொன்னாக. எறங்கும்னு எனக்குத் தெரியாது. அவுகளுக்கும் தெரியாது. இந்தக் காசக் கொண்டுபோனா, மதுரையில கேப்பைதான் கெடைக்கும், அரிசி கெடைக்காது. அத நான் கடையில பாத்தேன்" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. பெரிய வீட்டய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பேராசிரியர் என் பக்கம் திரும்பாமலே, "உன் சாமானை எடுத்துக்கோ" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். வரப்பில் இருளாயி எதிரே வந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

"நீ போயிருவ தாயி. நாளைக்கும் நாங்க இங்கதான கெடக்கணும்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தாள். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, நான் கிளம்பும்வரை நிற்காமல் திரும்பி நடந்துவிட்டாள்.

வானம் மூடத் தொடங்கியதால் பெரிய வீட்டய்யா இறங்கி வந்தார் என்று பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பால்காரர் மூலமாகக் கேள்விப்பட்டேன். அந்த அறுப்புக்கு நெல்லாகவே அளந்தாராம். அன்று இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது எனக்கு.

பேராசிரியரின் புத்தகம் யுத்தம் முடிவதற்குள் வந்துவிட்டது. கனமான அட்டை. காசுக் கூலியைத் தொழிலாளர் மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள் என்று அந்த ஊரைப் பற்றி ஒரு வாக்கியம். பெரிய வீட்டய்யாவின் உபசாரத்துக்கு முன்னுரையில் நன்றி. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். மலைகளும் ஆறுகளும் யார் சொல்லியும் இடம் மாறுவதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஊருக்கு மறுபடி போனது அடுத்த ஆடியில். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, மனம் கேட்காமல் போனேன். குடியிருப்பு இல்லை. குடிசைகள் இருந்த மனை பெரிய வீட்டுக்குச் சொந்தம் என்பதை, இத்தனை கேள்வி கேட்ட நான், ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. அறுப்பு முடிந்து நெல்லை அளந்து கொடுத்த கையோடு பெரிய வீட்டய்யா காலி பண்ணச் சொல்லிவிட்டார். மலைத் தோட்டத்துக்குப் போனார்கள் என்றார் ஒருவர். மதுரையில் மில்லுப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். அந்த மனையை மேடு பள்ளம் தெரியாமல் உழுது எள் விதைத்திருந்தார்கள். பூத்திருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

களத்து மேட்டில் நான் பேசியது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த மனையில் ஏரை ஓட்டச் சொன்ன வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மில் வாசல்களில் சில மாதம் நின்று பார்த்தேன். சங்கு ஊதி வெளியே வரும் பெண்கள் கூட்டத்தில் தாட்டியான உடம்பு தெரிந்தால் பின்னாலேயே போவேன். அவள் கிடைக்கவே இல்லை.

பின்னொரு காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சமணர் மலைக் குகைகளைப் பார்க்கக் கூட்டிப்போனேன். பெரிய வீடு பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்து கூரை இறங்கியிருந்தது. களம் இல்லை, அங்கே செங்கல் சூளை போட்டிருந்தார்கள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு இருந்ததே, இருளாயி என்று ஒருத்தி இருந்தாளே என்று கேட்டேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அந்த ஊரிலேயே பிறந்தவர்.

"அங்கனயா?" என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "அது எப்பவும் எள்ளுக் கொல்லைதான் தாயி. ஆளு குடியிருந்ததே இல்லையே."