தலைவர் இல்லாத குழு

இருபத்துமூன்று வயசில் எனக்கு ஊரைத் திருத்துகிற வேகம் வந்தது. படித்து முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலம். வன்னியில் துணுக்காய்ப் பக்கம் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் இளைஞர் கழகத்தின் செயலாளர் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து, வாய்க்காலுக்கு ஒரு தொண்டர் குழு, குழுவுக்கு ஒரு தலைவர் என்று பிரித்து வைத்திருந்தேன். வயலுக்குத் தண்ணீர் விடுவதும் அந்த ஒழுங்கில்தான் என்பதால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் வந்தவர்களின் பெயர் பதிய ஒரு வரவு இடாப்பு. ஊர் கூடிக் கூலியில்லாமல் வேலை செய்கிற சிரமதானத்துக்கு நேரத்தோடு வந்தால் முழுப் புள்ளி, பிந்தினால் அரைப் புள்ளி. இதைக் கண்டுபிடித்தவள் நான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கடைசி வாய்க்காலுக்கும் அப்பால், காட்டோரமாக, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு வாய்க்காலும் இல்லை, காணியும் இல்லை. எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். ஊரில் எல்லாரையும் சேர்த்துவிட்டேன் என்று நான் சொல்லித் திரிந்தபோது அவர்களை விட்டுவிட்டது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் அங்கிருந்து ஒரு பெண் தானாகவே வந்து என்னைக் கேட்டாள். பத்தொன்பது வயசிருக்கும். பின்னேரங்களில் அங்கத்தைய சின்னப் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள்.

“அக்கா, எங்க பக்கமும் ஒரு குழு போடுங்க. மழைக்கு முந்திப் புள்ளைங்களுக்கு ஒரு கொட்டகை கட்டணும்.”

கொட்டகை மட்டும் போதாது என்று நான்தான் சொன்னேன். வவுனியாவில் நடக்கிற தலைமைத்துவப் பயிற்சிக்கு அங்கிருந்து ஒருவர் போய்வந்தால்தான் அதைப் பாலர் பாடசாலையாகப் பதிவார்கள். பதிந்தால் பலகையும் புத்தகமும் வரும், பிள்ளைகளுக்குப் பாலும் கிடைக்கும். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பதினொரு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். “உங்களுக்குள்ள ஒரு தலைவரைத் தெரிவு செய்யுங்கோ” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள்கூட நிலத்தைப் பார்த்தாள். பயந்த சனம், பழகினால் சரிவரும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, அதுவரைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இடாப்பை விரித்தேன்.

மூன்று ஞாயிறு வேலை மளமளவென்று நடந்தது. கூரை தாங்கக் கப்பு நட்டார்கள், மண் குழைத்துச் சுவர் வைத்தார்கள். நான் வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று பெயர் வாசித்தேன். தூரத்துக் கிணற்றிலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் சுமந்துகொண்டு அவள் பிந்தி வந்த நாளில் அவளுக்கும் அரைப் புள்ளிதான் போட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே!

நாலாம் ஞாயிறு ஒருவரும் வரவில்லை.

சுவர் இடுப்பளவில் நின்றது. மழைக்கு வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மணித்தியாலம் தனியே இருந்து, நன்றி கெட்ட சனம் என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

“ஏன் ஒருத்தரும் வரேல்லை? உங்கடை பிள்ளையளுக்குத்தானே கட்டிறம்?”

அவள் எனக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. தோட்டத்துல கங்காணி இப்படித்தான் குடையும் புத்தகமுமா நிப்பாரு. பிந்திப் போனா அரைப் பேர்தான் போடுவாரு. அரைநாள் சம்பளந்தான். எங்கம்மா செத்த அன்னைக்கு அப்பா மலையிலேருந்து பாதி வேலையில ஓடியாந்தாரு. அன்னைக்கும் அரைப் பேருதான் போட்டாங்க. தலைவரப் போடுங்கன்னு நீங்க சொன்னப்போ, எங்கள்ல யாரக் கங்காணியாக்கப் போறீங்கன்னுதான் எல்லாரும் பயந்தாங்க.”

அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. “நான் தெரியாமல் செய்திட்டன்” என்றேன்.

“தெரியும்க்கா. அதனாலதான் சொன்னேன்.”

“இந்த இடாப்பை அடுப்புக்குள்ள வைக்கட்டோ?”

“ஐயையோ, வேணாம். பாதி வெறுந்தாளாத்தான இருக்கு. புள்ளைங்க எழுதும்.”

அடுத்த ஞாயிறு பதினொரு பேரும் வந்தார்கள். தலைவர் இல்லை, புள்ளி இல்லை. யார் எதைச் செய்வது என்று காலையில் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். வேலை குறையவில்லை.

ஆனால் பயிற்சிக்கான படிவத்தில் குழுத் தலைவர் பெயரைக் கேட்டிருந்தார்கள். மாங்குளத்தில் பஸ் மாறி வவுனியாவுக்குப் போய் அதிகாரியோடு வாதாடினேன். மனுசன் பொல்லாதவர் இல்லை. “பிள்ளை, தலைவர் இல்லாத குழுவுக்கு நான் எப்பிடி இடம் குடுக்கிறது? அந்தப் பெட்டையின்ரை பேரை எழுதிவிடுங்கோ. ஆர் போய்க் கேக்கப்போகினம்?” என்றார். பேனை என் கையில் இருந்தது. எழுதியிருக்கலாம். அவர்களைக் கேட்காமல் ஒன்று செய்து நான் பட்டது போதும் என்று வெறும் படிவத்தோடு திரும்பி வந்தேன்.

பதினொரு பேரையும் இருத்தி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் போக எவ்வளவு ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது. எல்லாரிலும் மூத்தவன்தான் பேசினான். “அந்தப் பேரு தாள்ல இருந்துட்டுப் போவட்டும். திரும்பி வந்து மண்ணுல எங்ககூட நிக்கணும், அவ்வளவுதான்.”

“நான் வேற எங்க போவேன்?” என்று கேட்டாள். பிறகு அவளே பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.

பயிற்சி முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு சான்றிதழ் தபாலில் வந்தது. ஞாயிறு விடிய அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். மழை இன்னும் பிடிக்கவில்லை, கடைசிச் சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குழிக்குள் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் சேறு.

“நீங்களே வச்சிருங்கக்கா. இது முடியட்டும்.”

வைத்துக்கொண்டு நின்றேன். எப்போதும் நிற்கிற அதே மரத்தடி, அதே காய்ந்த நிலம். இத்தனை ஞாயிறு வந்தும் என் காலில் ஒரு பொட்டு மண் பட்டதில்லை. வாங்கோ என்று ஒருவரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. நான் இறங்குவேன் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

சான்றிதழைப் பைக்குள் வைத்து, பையைக் கப்பில் கொழுவினேன். செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். சேறு குளிர்ந்தது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள்.